அமைச்சருக்கு அக்கா சொன்னது

அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். அக்கா இருந்த வரைக்கும் சின்னவள் கேட்கவில்லை. அக்கா போன பிறகு, அதே கேள்வியை அரசாங்கத்திடம் கேட்கப் போனாள்.

நதிப் போக்குவரத்து அமைச்சகத்தில் தகவல் பிரிவு என்பது மாடிப்படிக்கு அடியில் ஒதுங்கியிருந்த ஓர் அறை. கூரை ஒரு பக்கம் சரிந்து இறங்கும். படியில் ஆட்கள் ஏறும்போதெல்லாம் தலைக்கு மேல் தூறல் விழுகிற மாதிரி சத்தம் கேட்கும். நல்ல வெயில் நாளில்கூட அதற்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வெளியே மழை பெய்வதாகவே தோன்றும். அங்கிருந்த தகவல் அதிகாரியை அமைச்சகத்தில் எல்லோரும் பூட்டு என்றுதான் கூப்பிட்டார்கள். அது அவருக்கும் தெரியும். பூட்டைக் குறை சொல்லி என்ன செய்வது, சாவி மேல் மாடியில் இருக்கிறது என்று வருகிறவர்களிடம் அவரே சொல்லிக்கொள்வார். தொண்டைக்கரகரப்புக்கு எப்போதும் வாயில் ஒரு மிட்டாய் உருண்டுகொண்டிருக்கும்.

சின்னவள் நீட்டிய மனுவை அவர் கையில் வாங்கி, தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு மேசை மேல் வைத்தார்.

"இது கிடைக்காதும்மா."

"நீங்க இன்னும் படிக்கவே இல்லையே சார்."

"அமைச்சருக்கு அளிக்கப்பட்ட ஆலோசனைன்னு போட்டிருக்கு. அதுக்கு மேல படிச்சா எனக்குத்தான் மனக்கஷ்டம்."

பிறகு பொறுமையாக விளக்கினார். அமைச்சருக்கு அதிகாரிகள் சொல்வது நாலு சுவருக்குள் சொல்வது. அதை வெளியே விட்டால் நாளைக்கு யாரும் மனம் விட்டுச் சொல்லமாட்டார்கள். எல்லோரும் பூசி மெழுகித்தான் எழுதுவார்கள். பூசி மெழுகியதைப் படித்து முடிவெடுக்கிற அமைச்சரை நினைத்துப் பாருங்கள் என்றார். சொன்னவர் இப்போது உயிரோடு இல்லையே என்று சின்னவள் கேட்டாள். ஆள்தான் போவார், ஆலோசனை போகாது என்றார் அவர். சொல்லிவிட்டு, கொஞ்சம் கடுமையாக வந்துவிட்டதோ என்று நினைத்தவர் போல மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினார்.

"அவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

"கூடப் பிறந்த அக்கா."

முத்திரையை எடுத்து மையில் ஒற்றி மனுவின் மேல் பதித்தார் பூட்டு. கிடைக்காதுதான், ஆனால் கேட்கக் கூடாது என்று சட்டம் இல்லை என்றார்.

*

வீட்டில் இரண்டே பெண்கள். பெரியவள் அக்கா. இவள் சின்னவள். தலை நரைத்த பிறகும் அந்தப் பெயர் இவளை விட்டுப் போகவில்லை. பெரியவள் படித்துத் தேர்வெழுதி அமைச்சகத்தின் மூன்றாவது மாடிக்குப் போனாள். அமைச்சர்கள் வருவார்கள் போவார்கள், அவள் அங்கேயே இருப்பாள். எந்தத் துறைமுகத்தை ஆழப்படுத்துவது, எந்தப் படகை ஓட்டுவது, எதை நிறுத்துவது என்று எழுதிக் கொடுக்கிற வேலை. சின்னவள் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரரைக் கட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். அவர் கண்ணாடிச் சில்லுகளைச் சாணை பிடிப்பார். இவள் வருகிறவர்களின் கண்ணைச் சோதிப்பாள். இருட்டு அறையில் உட்காரவைத்து, கண்ணுக்கு முன்னால் சில்லை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா, அது தெளிவா என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

கடை ஆற்றுக்கு அக்கரையில். வீடு இக்கரையில். தினமும் காலை முதல் படகில் இருவரும் போவார்கள்.

ஒரு மழைக்காலத்தில், பனி மூடிய ஒரு காலையில், நடு ஆற்றில் படகின் அடித்தகடு விட்டுப்போயிற்று. பெரிய சத்தம்கூட இல்லை. யாரோ பக்கத்து அறையில் நாற்காலியை நகர்த்துகிற மாதிரி ஒரு ஓசை, அவ்வளவுதான். பிறகு சின்னவள் தண்ணீருக்குள் இருந்தாள். உள்ளே எல்லாம் பச்சையாகவும் நிதானமாகவும் இருந்தது. அவசரமே இல்லாத ஓர் இடத்துக்குத் தவறி வந்துவிட்ட மாதிரி. பக்கத்தில் கணவர் சட்டையின் ஒரு கை தெரிந்தது, தெரிந்துகொண்டே மங்கியது, சரியான சில்லைப் போட்டால் திரும்பவும் தெளிந்துவிடும் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. யாரோ அவள் தலைமயிரைப் பிடித்து மேலே இழுத்தார்கள். மேலே வந்து பார்த்தால், அவர் கையில் இருந்த பொட்டலம் பிரிந்து, கண்ணாடிக் கூடுகள் ஒவ்வொன்றாக மிதந்து வந்துகொண்டிருந்தன. மூடி இறுகின கூடுகள், உள்ளே காற்று. பனிக்குள் சின்னச் சின்னப் படகுகள் மாதிரி அவை வரிசையாகக் கீழ்த்திசையில் போயின. ஒன்றிலும் தண்ணீர் ஏறவில்லை. அவர் மட்டும் வரவில்லை.

விபத்துக்குப் பிறகு அமைச்சர் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். துறையின் மூத்த ஆலோசகர்கள் கொடுத்த ஆலோசனையைப் பரிசீலித்துத்தான் படகு தொடர்ந்து ஓடியது. அதற்குப் பிறகு அவரை வேறு துறைக்கு மாற்றினார்கள். வாக்கியத்தை யாரும் மாற்றவில்லை. அது ஊரில் நின்றது. மூத்த ஆலோசகர் யார் என்று தெரிந்தவர்கள் தெருவில் அக்காவைப் பார்த்தால் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

அக்கா ஞாயிற்றுக்கிழமை தோறும் சின்னவள் வீட்டுக்கு வந்தாள். இருவரும் துணி மடித்தார்கள். பழைய வாத்தியார்களைக் கிண்டல் செய்தார்கள். தண்ணீர்க்குழாய் ஒழுகுவதைப் பற்றியும், பக்கத்து வீட்டு நாயின் குணத்தைப் பற்றியும் பேசினார்கள். ஒரு மேசையைச் சுற்றி நடக்கிற மாதிரி அந்தக் கேள்வியைச் சுற்றி நடந்தார்கள், ஒருத்திகூட இடித்துக்கொள்ளவில்லை. ஒரு தடவை அக்காவுக்குப் பார்வை மங்குகிறதென்று சின்னவள் அவளைக் கடைக்குக் கூட்டிப்போய்ச் சோதனை நாற்காலியில் உட்காரவைத்தாள். இருட்டில் அக்காவின் முகம் மிக அருகில் இருந்தது. இது தெளிவாக்கா, அது தெளிவா என்று கேட்டாள். அக்கா இரண்டையும் திரும்ப மாற்றிப் போடச் சொல்லிப் பார்த்தாள். பிறகு, "ரெண்டுமே தெளிவாத்தான்டி இருக்கு, அதுதான் கஷ்டம்" என்றாள். சின்னவளுக்கு அப்போது கேட்டுவிடலாம் போல வாய்வரை வந்தது. மென்று விழுங்கிவிட்டு விளக்கைப் போட்டாள்.

அடுத்த வருடம் அக்காவின் இதயம் அவளைக் கேட்காமலே நின்றுவிட்டது. அமைச்சகத்திலிருந்து மலர்வளையம் வந்தது. அதில் சொருகியிருந்த அட்டையில், அவருடைய ஆலோசனைகளை இந்த அமைச்சகம் என்றும் மறவாது என்று அச்சடித்திருந்தது. எல்லோருக்கும் அனுப்புகிற வாசகமாக இருக்கலாம். ஆனால் சின்னவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். எந்த ஆலோசனை? படகை ஓட்டு என்றதா, நிறுத்து என்றதா? தன் கணவரைத் தண்ணீருக்கு அனுப்பியது கூடப் பிறந்தவளின் கையா, இல்லையா? அழுவதற்கு முன்னால் அதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. யாருக்காக எப்படி அழுவது என்பதே அதில்தான் இருந்தது.

*

அத்தானுக்கு இதில் இஷ்டமே இல்லை. அக்காவின் கணவர் தையற்காரர். வீட்டு முன்னறையிலேயே தையல் இயந்திரம் போட்டிருந்தார். என் பெண்டாட்டி அமைச்சருக்கு அளவெடுக்கிறவள், நான் ஊருக்கு அளவெடுக்கிறவன் என்று அந்தக் காலத்தில் பெருமை அடித்துக்கொள்வார். செத்தவள் வாயை எதற்குக் கிளறுகிறாய் என்று சின்னவளைக் கேட்டார். அவளே சொல்லாததைக் காகிதமா சொல்லப்போகிறது என்றார். என் சட்டைக்காலர் கோணல் என்று சொல்லவே நாலு நாள் யோசிக்கிறவள், ஆபீஸ் விஷயத்தை என்னிடமா அவிழ்ப்பாள் என்றார். அப்படியானால் உங்களுக்கும் தெரியாதா என்று இவள் கேட்டதற்கு, அவர் ஊசியில் நூல் கோர்க்கிறதில் மும்முரமாகிவிட்டார்.

பதில் வந்தபோது அதை எடுத்துக்கொண்டு அவரிடம்தான் போனாள். தடித்த உறை. உள்ளே பக்கம் பக்கமாகக் கறுப்பு. வரிக்கு வரி கறுப்புப் பட்டை ஓடியது. அங்கங்கே மறைக்க மறந்தது போலவோ, மறைக்க வேண்டியதில்லை என்று விட்டது போலவோ ஒரு சொல் தப்பியிருந்தது. ஒரு பக்கத்தில் 'ஆகவே'. இன்னொரு பக்கத்தில் 'மழைக்காலம் முடியும் வரை'. வேறொன்றில், ஒரு பெரிய கறுப்புக்கு நடுவில், 'மாண்புமிகு'. பனியில் ஆற்றைப் பார்க்கிற மாதிரி இருந்தது சின்னவளுக்கு. மிதக்கிற சொற்கள் தெரிந்தன. எதன் மேல் மிதக்கின்றன என்பது தெரியவில்லை.

அத்தான் ஒரு பக்கத்தை வாங்கி, துணியைப் பார்க்கிற மாதிரி வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார்.

"நல்ல கறுப்பு. துணியில இவ்வளவு சீரா ஏறாது."

"அத்தான், விளையாடாதீங்க."

"விளையாடலைம்மா. இதுக்குப் பின்னால அவ உட்கார்ந்திருக்கான்னு நினைச்சுப் பார்த்தேன். வேற எப்படிச் சொல்றது."

மேல்முறையீடு செய்யலாம் என்று உறையின் கடைசித் தாளில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது. சின்னவள் செய்தாள்.

*

தகவல் ஆணையரின் விசாரணை அறை உயரமான ஜன்னல்களோடு, வெறிச்சென்று இருந்தது. மேசையில் தண்ணீர்க் குடுவை. அதன் வழியாக வந்த வெயில் எதிர்ச்சுவரில் நெளிந்துகொண்டிருந்தது. அமைச்சகத்தின் வழக்கறிஞர் நெடிய ஆள், மரியாதைக்காரர். சின்னவளுக்கு நேர்ந்த இழப்புக்கு மூன்று தரம் வருத்தம் தெரிவித்துவிட்டு, ஒரு பக்கம்கூடக் கொடுக்க முடியாது என்று வாதாடினார். அமைச்சரிடம் அதிகாரி பேசுவது வைத்தியரிடம் நோயாளி பேசுவது போன்றது என்றார். கதவு சாத்தியிருந்தால்தான் உண்மை வரும் என்றார். கேட்கக் கேட்க, சின்னவளுக்கே அது நியாயமாகப் பட்டது. இந்த ஆள் சொல்வது சரிதானே என்று தலையாட்டிக்கூட விட்டாள். பூட்டு மூலையில் உட்கார்ந்து அதைப் பார்த்துவிட்டுத் தன் மிட்டாயைக் கடித்தார்.

ஆணையர் ஒரு வயதான அம்மாள். கடுமையான ஜலதோஷம். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்து, யாருடைய மனம் திறந்த பேச்சைக் காப்பாற்றுகிறீர்கள், எழுதியவர்தான் இல்லையே என்று கேட்டார். இனிமேல் எழுதப்போகிறவர்களுடையது என்றார் வழக்கறிஞர். ஆணையர் சின்னவள் பக்கம் திரும்பி, நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா என்றார்.

சின்னவள் எழுந்து நின்றாள். தயார் செய்துகொண்டு வந்த எதுவும் நினைவில் இல்லை.

"அக்கா அமைச்சர்கிட்ட மனசைத் திறந்து பேசினாங்கன்னு இங்க எல்லாருமே சொல்றீங்க. அதை வெளிய விட்டா ஆபத்துன்னு ஒருத்தர் சொல்றார், மூடி வைக்கிறது அவசியம்னு ஒருத்தர் சொல்றார், ஆனா பேசினாங்கங்கறதுல யாருக்கும் சந்தேகம் இல்ல. நான் கூடப் பிறந்தவ. வாரா வாரம் வந்து என்கூட உட்கார்ந்து பேசினாங்க. அந்த மாதிரி ஒரு பேச்சு மட்டும் பேசல. நானும் கேட்கல. அவங்க மனசைத் திறந்த பேச்சு உலகத்துல ஒண்ணே ஒண்ணு இருக்குன்னா, அது உங்க அலமாரியில இருக்கு. அதைத்தான் கேட்கிறேன்."

வழக்கறிஞர் நான்காவது தரம் வருத்தம் தெரிவிக்கவில்லை.

உத்தரவு தபாலில் வந்தது. ஆணையர் இரண்டு பக்கத்தையும் நிறுத்துப் பார்த்து நடுவில் ஒரு கோடு போட்டிருந்தார். மற்ற அதிகாரிகள் இன்னும் பணியில் இருப்பதால் அவர்கள் எழுதியவை மூடியே இருக்கும். இறந்துபோன ஆலோசகர் தாமே எழுதிய பகுதியை மட்டும் அவருடைய சகோதரிக்குக் கொடுத்துவிட வேண்டும்.

*

மூன்று பக்கங்கள். கறுப்பே இல்லை. அமைச்சகத்தின் வாசலில், தூணில் சாய்ந்து நின்றபடியே சின்னவள் முதல் வரியைப் படித்தாள்.

*முதல் படகை நிறுத்த வேண்டாம்.*

படியிலேயே உட்கார்ந்தாள். தெருவில் வண்டிகள் சத்தமில்லாமல் போவது போலிருந்தது. படிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து போயிருக்கலாம். கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் கண் அடுத்த வரிக்குப் போயிற்று.

*இந்த ஆற்றை வரைபடத்தில் பார்ப்பவர்களுக்கு அது ஆறு. இரு கரையிலும் வாழ்பவர்களுக்கு அது தெரு. தெருவை அடைத்தால் மக்கள் வீட்டுக்குள் இருந்துவிட மாட்டார்கள், சந்து தேடுவார்கள். துடுப்புப் படகுகளும் மீன்பிடிப் படகுகளும்தான் அந்தச் சந்துகள். அவற்றை யார் சோதிப்பது?*

அக்கா ஒவ்வொரு ஆளாகக் கைப்பிடித்துக் கூட்டி வந்து அமைச்சரின் முன்னால் நிறுத்தியிருந்தாள். அக்கரை மருத்துவமனைக்கு வாரம் இருமுறை போகவேண்டிய சிறுநீரக நோயாளிகள். இரவு வேலை முடிந்து திரும்புகிற துப்புரவுப் பெண்கள். இரண்டாவது பக்கத்தின் நடுவில் சின்னவள் தன்னையே பார்த்தாள்.

*காலை முதல் படகில் ஒரு கணவனும் மனைவியும் தங்கள் மூக்குக் கண்ணாடிக் கடையைத் திறக்கப் போகிறார்கள். அவர் மடியில் ஒரு பொட்டலம் இருக்கும். அதில் முந்தின நாள் சாணை பிடித்து முடித்த கண்ணாடிகள். அவள் அவர் தோளில் சாய்ந்து தூங்குவாள். பாலத்தைச் சுற்றிப் பேருந்தில் போனால் கடை திறக்க மதியமாகிவிடும். வேலைக்குப் போகிற வழியில் காலையில் வருகிறவர்கள்தான் அவர்களுடைய வாடிக்கையாளர்கள். ஒரு மழைக்காலம் படகு நின்றால் அந்தக் கடை திரும்பத் திறக்காது. அதனால் படிக்க முடியாமல் போகிறவர்கள் எத்தனை பேர் என்பது எந்த அறிக்கையிலும் வராது.*

அவர் தோளில் சாய்ந்து தூங்குவாள். அதை அக்கா எப்போது பார்த்தாள்? என்றோ ஒரு நாள் வழியனுப்பப் படகுத்துறைக்கு வந்தபோது பார்த்திருக்க வேண்டும். பார்த்து, மனதில் வைத்திருந்து, எடுத்து, இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறாள். எங்களைக் காட்டி எங்களையே அனுப்பிவைத்தாளா? சின்னவளுக்கு அழுகை வரவில்லை. தண்ணீருக்குள் இருந்தது போலவே எல்லாம் பச்சையாகவும் நிதானமாகவும் ஆயிற்று.

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாளோ. எழுந்து, மாடிப்படிக்கு அடியில் இருந்த அறைக்குப் போனாள். தலைக்கு மேல் தூறல் விழுந்துகொண்டிருந்தது. இதோடு வேறு எதுவுமே இல்லையா என்று கேட்டாள்.

பூட்டு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். கதவைச் சாத்தினார். பிறகு எதையோ நினைத்துத் திரும்பத் திறந்துவைத்தார்.

"மத்த பக்கத்துல என்ன இருக்குன்னு நான் சொல்ல மாட்டேன். கேட்காதீங்க."

"கேட்கல சார்."

"ஆனா ஆபீஸ் நடைமுறைன்னு ஒண்ணு இருக்கு. அது ரகசியம் இல்ல. புதுசா சேர்றவங்களுக்கு முதல் வாரமே சொல்லித் தருவாங்க. அதை நான் யாருக்கு வேணா சொல்லலாம். நடுத்தெருவுல நின்னுகூடச் சொல்லலாம்."

அவர் சொன்னது இதுதான். அமைச்சருக்கு எந்த விஷயமும் இரண்டு குறிப்பாகத்தான் போகும். ஒன்று செய் என்று சொல்லும், ஒன்று செய்யாதே என்று சொல்லும். இரண்டும் ஒரே பலத்தோடு இருக்க வேண்டும். அதற்கு மூன்றாவது மாடியில் வெகுகாலமாக ஒரு வழக்கம். அதிகாரிகள் கூடிப் பேசும்போது யார் ஒரு பக்கத்தில் மிகப் பிடிவாதமாக நிற்கிறார்களோ, அவர்களிடம் அந்தப் பக்கத்தைக் கொடுக்க மாட்டார்கள். எதிர்ப்பக்கத்தை எழுதத்தான் கொடுப்பார்கள். தன் கட்சியை எவரும் வெறியோடு எழுதிவிடலாம். எதிர்க்கட்சியைப் பிடிவாதக்காரர் எழுதினால்தான், ஒப்புக்கு எழுதினார் என்ற பேச்சு வரக் கூடாதே என்று உயிரைக் கொடுத்து எழுதுவார்.

சின்னவள் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தாள். முதல் வரி அப்படியேதான் இருந்தது.

"அப்போ அந்த அறையில, படகை நிறுத்தணும்னு ரொம்ப அடம் பிடிச்சது..."

"நான் நடைமுறையை மட்டும்தாம்மா சொன்னேன்" என்றார் பூட்டு. பிறகு இழுப்பறையைத் திறந்து அவளுக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

*

வீட்டுக்கு நடந்தே போனாள். வழியெல்லாம் அந்த மழைக்காலம் அவளோடு வந்தது. அந்த நாட்களில் அக்காவுக்கு ஏதோ பைத்தியம் பிடித்துவிட்டதென்றுதான் இவளும் கணவரும் நினைத்தார்கள். நினைத்த நேரத்தில் போன் செய்வாள். பேருந்திலேயே போங்களேன் என்பாள். ஏன் என்று கேட்டால், படகு டீசல் புகை பட்டால் சில்லு மங்கிவிடுமாம், யாரோ சொன்னார்களாம். இன்னொரு நாள், ஆற்றுக்காற்று சின்னவள் காதுக்கு ஆகாது என்பாள். ஒரு தரம் வீட்டுத் தரகரையே அழைத்து வந்து நிறுத்தினாள். இக்கரையில் ஒரு கடை காலியாக இருக்கிறது, இன்றைக்கே போய்ப் பார் என்றாள். அது ஒரு சந்துக்குள் இருந்த இருட்டுப் பொந்து. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். டீசல் புகை பட்டு உன் அக்கா மூளைதான் மங்கிப்போச்சு என்றார். வாரக்கணக்கில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

படகு பழுது என்ற ஒரே வார்த்தையை அக்கா சொல்லவில்லை. சொல்லக் கூடாது. முடிவாகாத குறிப்பில் இருப்பதை வீட்டில் சொன்னால் அந்த அறைக்கே துரோகம். அந்த ஒரு வார்த்தையைத் தவிர மீதி எல்லாப் பொய்யையும் கொண்டுவந்து கொட்டினாள். எல்லாம் ஒட்டாத பொய். மூன்று பக்கத்தில் ஓர் அமைச்சரை நம்பவைத்தவளுக்குத் தங்கையை நம்பவைக்கத் தெரியவில்லை.

சொல்லியிருக்கலாமே, அக்கா. தெருவில் நின்று சின்னவள் இதைச் சத்தமாகவே சொல்லிவிட்டாள். எதிரே வந்த ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். கோபம் போகவில்லை. ஆனால் அது வேறு இடத்துக்குக் குடி மாறியிருந்தது, அங்கே பக்கத்திலேயே வேறு என்னென்னவோ இருந்தன. நடந்துகொண்டே அழ ஆரம்பித்தாள். அவருக்கா அக்காவுக்கா என்று பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

அத்தான் யாருடைய காற்சட்டைக்கோ விளிம்பு மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். சின்னவள் முகத்தைப் பார்த்ததும் இயந்திரத்திலிருந்து காலை எடுத்தார். முதலில் நடைமுறையைச் சொன்னாள். அவருக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும், "எனக்கு அப்பவே தெரியும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, இல்லை, தெரியாது, தெரிந்த மாதிரி இருந்துகொண்டேன் என்றார். அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு, இவள் கையில் ரத்தம் இருக்கிறதா என்று எத்தனையோ நாள் விட்டத்தைப் பார்த்துக் கிடந்திருக்கிறேன் என்றார். பிறகு காகிதத்தை நோக்கித் தலையை அசைத்தார்.

"படி. என்னதான் எழுதியிருக்கா பார்ப்போம்."

சின்னவள் படித்தாள். மாலை வெளிச்சம் அறைக்குள் சாய்வாக வந்து, துணிகளிலிருந்து கிளம்பிய பஞ்சுத்தூசு அதில் மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. படிக்கப் படிக்கக் குரல் அவளுடையதாக இல்லாமல் போயிற்று. அரைப்புள்ளியில் மூச்சு வாங்குவது அக்கா. ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு எதிரில் இருப்பவரைப் பார்ப்பது அக்கா. நோயாளிகள் வந்தார்கள், துப்புரவுப் பெண்கள் வந்தார்கள், தோளில் சாய்ந்து தூங்குகிறவள் வந்தாள். அந்த இடத்தில் அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். கடைசிப் பக்கத்தில் அக்கா எதிராளியின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து, மரியாதையோடு, இரக்கமில்லாமல் உடைத்தாள். உடைபட்டது எல்லாம் அவளுடைய சொந்த வாதங்கள். *அஞ்சுவது எளிது, மாண்புமிகு அமைச்சரே* என்று முடிந்திருந்தது. *ஓர் ஊரை ஓடவிடுவதுதான் கடினம்.*

படித்து முடித்தாள்.

"நான் அமைச்சரா இருந்தா படகை விட்டிருப்பேன்" என்றார் அத்தான் தாழ்ந்த குரலில்.

சின்னவள் காகிதத்தை மடியில் வைத்து உள்ளங்கையால் நீவினாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அது பொய்யாக இருந்திருக்கும்.

"நானும்தான் அத்தான்."

அவர் தலையை ஆட்டினார். பிறகு நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"இன்னொரு தரம் படி" என்றார். "மெதுவா. அவ பேசி ரொம்ப நாளாச்சு."